புளியங்கொட்டை முதல் தாயக்கட்டை வரை: நிகழ்தகவைக் கைச்சோதனைகளால் கற்பிக்கும் முறை

பள்ளிகளில் நிகழ்தகவுப் பாடம் பெரும்பாலும் நாணயத்தோடுதான் தொடங்குகிறது. தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2 என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர்கள் பத்து முறை சுண்டுகிறார்கள். ஆறு தலையோ நான்கு தலையோ விழுகிறது. ஏறத்தாழப் பாதி என்று சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த கணக்குக்கு நகர்கிறது. இந்தச் சோதனையால் மாணவர் புதிதாக எதையும் அறிந்துகொள்ளவில்லை. விடை அவருக்கு முன்பே தெரியும். எண்ணிக்கை விடையோடு ஒத்துப்போகாதபோது, சுண்டியதில்தான் ஏதோ பிழை என்ற எண்ணமும் அவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

எனவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு பொருளில் தொடங்கி, எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையை முதலில் உண்டாக்க வேண்டும். நாணயமும் பகடையும் அதற்குப் பின்னர் வரலாம். கீழே உள்ள கணக்குகள் 40 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு, இருவர் சேர்ந்த 20 இணைகளாகப் பிரிந்து, 45 நிமிடப் பாடவேளையில் வேலை செய்வதாகக் கொண்டு தரப்பட்டுள்ளன. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எதற்கும் இவை பொருந்தும்.

எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. சோதனையைத் தொடங்கும் முன், ஒவ்வொரு மாணவரும் தம் ஊகத்தை ஓர் எண்ணாகக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதிவிட வேண்டும். முடிவைக் கண்ட பிறகு, அதை முன்பே நினைத்திருந்ததாக எல்லாருக்குமே தோன்றும். எழுதப்பட்ட ஊகம் மட்டுமே அந்த மறதியைத் தடுக்கும். இதற்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டால், அழித்து எழுதும் ஆசையும் குறையும்.

புளியங்கொட்டை

சுத்தம் செய்து உலர்த்திய புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் சொரசொரப்பான கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ தேய்த்து, பழுப்புத் தோல் நீங்கி உள்ளிருக்கும் வெள்ளை தெரியும்படி செய்ய வேண்டும். தாயம் விளையாடுவதற்காக வீடுகளில் செய்துவந்த பழைய ஏற்பாடுதான் இது. இணைக்கு ஒரு கொட்டை போதும். அதை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி, மேசைமேல் விரித்த துண்டில் கவிழ்க்க வேண்டும். துண்டு இல்லாவிட்டால் இருபது கொட்டைகள் மேசைகளில் எழுப்பும் ஓசையில் பக்கத்து வகுப்பு நடக்காது.

தொடங்குமுன் கேள்வியைக் கேளுங்கள்: 50 முறை கவிழ்த்தால் எத்தனை முறை வெள்ளை மேலே வரும்? பெரும்பாலானோர் 25 என்றே எழுதுவார்கள். வெள்ளை, பழுப்பு என விளைவுகள் இரண்டுதானே என்பது அவர்கள் கூறும் காரணமாக இருக்கும். இந்த நிலையில் திருத்த வேண்டாம். ஒவ்வோர் இணையும் 50 முறை கவிழ்த்து, ஐந்தைந்தாக நேர்க்கோட்டுக் குறியிட்டு எண்ணிக்கையைப் பதியட்டும். ஒருவர் கவிழ்க்க, மற்றவர் எழுத, 25 முறைக்குப் பின் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

முடிவுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதும்போது இரண்டு செய்திகள் தாமாகவே வெளிப்படும். கொட்டையின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருப்பதால், எண்ணிக்கை 25ஐச் சுற்றி அமைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது முதலாவது. விளைவுகள் இரண்டு என்பதால் மட்டும் அவை சம வாய்ப்புள்ளவை ஆகிவிடா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை. நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆகவே வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வாதிடும் மாணவருக்கு, கையில் இருக்கும் கொட்டையே பதில் சொல்லிவிடும். இரண்டாவது, இணைக்கு இணை முடிவு மாறுபடுவது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கொட்டைகள் வேறுவேறு அளவுக்குத் தேய்க்கப்பட்டிருக்கலாம், அல்லது ஒரே மாதிரியான கொட்டைகளாக இருந்தும், 50 முறைகளில் இயல்பாக நேரும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம்.

எது உண்மைக் காரணம் என்று வகுப்பையே கேளுங்கள். இரண்டு இணைகள் தம் கொட்டைகளை மாற்றிக்கொண்டு மீண்டும் 50 முறை கவிழ்த்துப் பார்க்கலாம் என்ற யோசனை மாணவரிடமிருந்தே வந்தால், அந்தப் பாடவேளையின் நோக்கம் நிறைவேறிவிட்டது. வராவிட்டால் நீங்களே சொல்லலாம். ஒரே கொட்டையை முதலில் லேசாகத் தேய்த்தும், பின்னர் ஏறக்குறையப் பாதியாகும் வரை தேய்த்தும் இரண்டு முறை சோதிப்பது நல்ல வீட்டுப்பாடம்.

வெள்ளை விழுந்த எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதுதான் பட்டறி நிகழ்தகவு என்ற வரையறையை இந்த இடத்தில் கொடுக்கலாம். எண்ணிப் பார்த்த பிறகு வரும் பெயர் என்பதால் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. சோழியையும் இதே முறையில் சோதிக்கலாம். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று யாரேனும் கொண்டுவந்தால் பயன்படுத்த வேண்டாம். அதன் விதையில் கடுமையான நஞ்சு உண்டு.

நாணயம்

கொட்டைக்குப் பின் நாணயத்தைக் கையில் எடுத்தால் கேள்வி வேறாகிவிடும். இங்கே ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து பிரித்துக் காட்டும் வளைவோ தட்டையோ இல்லை. ஆகவே 1/2 என்று கணக்கிட நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் சரிதானா என்று பார்ப்பதற்கே இனிச் சுண்டுகிறோம்.

ஒவ்வோர் இணையும் 50 முறை சுண்டி, விழுந்த வரிசையிலேயே 'த', 'பூ' என்று எழுத வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. வரிசை பின்னால் தேவைப்படும். கையால் சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மீண்டும் மேலே விழும் போக்கு மிகச் சிறிய அளவில் உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 3,50,757 முறை சுண்டி 2023இல் வெளியிட்ட முடிவின்படி, அது ஏறத்தாழ 50.8 விழுக்காடு. நம் வகுப்பின் அளவுக்கு இது கண்ணில் படாது என்றாலும், நாணயத்தையும் டம்ளரில் குலுக்கிக் கவிழ்ப்பது நல்லது. மேசைக்கு அடியில் உருண்டு போன நாணயங்களைத் தேடும் நேரமும் மிச்சமாகும்.

இதில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 50 முறைகளில் சரியாக 25 தலை விழுவதற்கான நிகழ்தகவு சுமார் 0.11 மட்டுமே, அதாவது 20 இணைகளில் ஏறக்குறைய இரண்டு இணைகளுக்கே அந்த எண் கிடைக்கும். ஏனையோரில் பெரும்பாலானோருக்கு 18 முதல் 32 வரை ஏதாவது ஓர் எண் வரும். ஏதோ ஓர் இணை அந்த எல்லைக்கு வெளியே போனாலும் வியப்பில்லை. பத்து இணைகள் 25 என்று சொன்னால் நாணயத்தைப் பாராட்டுவதை விட, பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தது யார் என்று விசாரிப்பதே பொருத்தம்.

இப்போது கரும்பலகையில் ஒரு வரைபடம் போடுங்கள். கிடை அச்சில் மொத்தச் சுண்டல்கள் 0 முதல் 1000 வரையும், செங்குத்து அச்சில் தலையின் விகிதம் 0.3 முதல் 0.7 வரையும் இருக்கட்டும். முதல் இணையின் விகிதத்தைக் குறித்து, இரண்டாம் இணையின் எண்ணிக்கையை அதோடு கூட்டி 100 சுண்டல்களுக்கான விகிதத்தைக் குறித்து, இப்படியே 1000 வரை கோட்டை நீட்டிச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் மேலும் கீழுமாக அலையும் கோடு, போகப்போக 0.5ஐ ஒட்டிப் படியும். 1000 சுண்டல்களின் முடிவில் விகிதம் 0.47க்கும் 0.53க்கும் இடையில் இருக்கும் என்று ஆசிரியர் துணிந்து முன்கூட்டியே சொல்லலாம். தவறுவதற்கான வாய்ப்பு இருபதில் ஒன்றுதான். இந்தக் கோட்டை ஒரு மாணவரே வரைய வேண்டும். அச்சிட்ட படத்தைக் காட்டுவது இதற்கு ஈடாகாது.

இந்த வேலையைப் பொறுமையோடு செய்தவர்களின் கணக்குகளை அந்த வரைபடத்தின் அருகே எழுதலாம். பிரான்சு நாட்டு அறிஞர் பஃபன் 4040 சுண்டல்களில் 2048 தலைகளையும், ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 24,000 சுண்டல்களில் 12,012 தலைகளையும் பதிவு செய்தனர். தென்னாப்பிரிக்கக் கணித ஆசிரியர் ஜான் கெரிச், இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிக்கித் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் 10,000 முறை சுண்டி 5067 தலைகளைப் பெற்றார்.

இந்த எண்களில் மாணவர்கள் எளிதில் கவனிக்காத ஒன்று உண்டு. பஃபனின் எண்ணிக்கை பாதியிலிருந்து 28 கூடுதல். கெரிச்சின் எண்ணிக்கை 67 கூடுதல். சுண்டல்கள் அதிகமானபோது பாதிக்கும் உண்மை எண்ணிக்கைக்கும் இடையிலான வேறுபாடு குறையவில்லை, கூடியிருக்கிறது; எனினும் விகிதம் 0.5069இலிருந்து 0.5067ஆகச் சற்று நெருங்கியே வந்திருக்கிறது. சோதனைகள் பெருகப் பெருக விகிதம் நிகழ்தகவை நெருங்கும் என்பது பெரு எண் விதி. யாக்கோபு பெர்னூலி நிறுவி, அவர் இறந்தபின் 1713இல் அச்சான அந்த விதி பேசுவது விகிதத்தைப் பற்றி மட்டுமே. தலை அதிகம் விழுந்துவிட்டதால் இனிப் பூ விழுந்து ஈடுகட்டும் என்ற நம்பிக்கைக்கு அதில் இடமில்லை. முன்பு ஏற்பட்ட மிகை அப்படியே இருக்கிறது. பெருகிவரும் மொத்த எண்ணிக்கைக்கு முன் அது சிறுத்துப் போகிறது, அவ்வளவே.

அந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதிக்கத்தான் வரிசையை எழுதச் சொன்னோம். ஒவ்வோர் இணையும் தம் வரிசையில் மூன்று தலைகள் தொடர்ந்து வந்த இடங்களை எல்லாம் கண்டுபிடித்து, அதற்கு அடுத்து என்ன விழுந்தது என்று குறிக்கட்டும். ஓர் இணைக்குச் சராசரியாக ஆறு இடங்கள் வீதம், வகுப்பு முழுவதற்கும் 120க்குச் சற்றுக் குறைவான இடங்கள் கிடைக்கும். அவற்றில் அடுத்து விழுந்தது ஏறக்குறையப் பாதி தலை, பாதி பூ என்றிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா இணைகளின் எண்ணிக்கைகளையும் கூட்டிய பிறகே தலையின் விகிதம் காண வேண்டும். ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே விகிதம் கண்டு அவற்றின் சராசரியை எடுத்தால், அது பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கும் தன்மை உடையது. தேர்ந்த ஆய்வாளர்களே நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட நுட்பம் இது.

வீட்டுப்பாடமாக ஒரு விளையாட்டைத் தரலாம். வகுப்பில் பாதிப் பேர் உண்மையாகவே 100 முறை சுண்டி வரிசையை எழுதிவர வேண்டும். மீதிப் பேர் நாணயத்தைத் தொடாமல், உண்மை போலத் தோன்றும் ஒரு வரிசையைக் கற்பனையாக எழுதிவர வேண்டும். யார் எதைச் செய்தார்கள் என்பதை ஆசிரியரிடம் சொல்லக் கூடாது. உண்மையான 100 சுண்டல்களில் ஒரே பக்கம் ஆறு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு சுமார் 80 விழுக்காடு. கற்பனையாக எழுதுவோர் நான்கு தலைகளுக்குப் பின் தயங்கிப் பூவுக்கு மாறிவிடுவார்கள். நீண்ட தொடரைத் தேடிப் பார்த்துத் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்தால், ஆசிரியரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறிய தாள்களைப் பற்றிப் பேசுவதும் பயனுள்ளதே.

இரண்டு நாணயங்கள்

இரண்டு நாணயங்களைச் சேர்த்துக் கவிழ்த்தால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்று விளைவுகள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்று வகுப்பில் பலர் ஊகிப்பார்கள். இதைப் பிழை என்று உடனே சொல்ல வேண்டாம். இதற்கு நெருங்கிய ஒரு பிழையை, பெரும் கணித மேதையான தலாம்பெர் 1754இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் எழுதியிருக்கிறார். இரண்டு முறை சுண்டுவதில் ஒரு முறையாவது தலை விழும் நிகழ்தகவு 2/3 என்பது அவர் வாதம். முதலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஆகவே வகைகள் மூன்றே என்று அவர் எண்ணினார். சரியான விடை 3/4.

அளவில்கூட ஒத்திராத ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை ஒவ்வோர் இணைக்கும் கொடுத்து, 40 முறை கவிழ்க்கச் சொல்லுங்கள். 800 முடிவுகளில் கலப்பு விளைவு 400ஐ ஒட்டியும், மற்ற இரண்டும் 200ஐ ஒட்டியும் நிற்கும். 1/3 என்ற ஊகப்படி ஒவ்வொன்றும் 267 ஆக இருந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய இடைவெளியை யாராலும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பிறகு, ஒரு ரூபாயில் தலையும் ஐந்து ரூபாயில் பூவும் விழுவது ஒன்று, மாறி விழுவது மற்றொன்று என்று பிரித்து எழுதினால், கூறுவெளியில் (எல்லா விளைவுகளின் தொகுப்பில்) நான்கு கூறுபுள்ளிகள் (தனித்தனி விளைவுகள்) இருப்பது புரிந்துவிடும். இரண்டு ஒரே மாதிரி நாணயங்களைக் கொடுத்தால் இந்தப் புரிதல் கடினமாகும். முடிவுகள் என்னவோ ஒன்றாகவே வரும். காரணம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தாயக்கட்டை

கூறுவெளியைப் பட்டியலிடக் கற்றுக்கொடுக்க இரண்டு பகடைகளையே பலரும் பயன்படுத்துகிறார்கள். 36 கூறுபுள்ளிகளை எழுதுவதற்குள் வகுப்பின் பின்வரிசை சலித்துவிடும். தாயக்கட்டைகளில் 16தான். அதோடு, பாட்டி வீட்டில் தாயம் ஆடிய குழந்தைக்கு இந்த விளையாட்டின் மேல் ஏற்கெனவே சில முறையீடுகள் இருக்கும். நிகழ்தகவைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பரவலாகக் கிடைக்கும் பித்தளைக் கட்டைகளில் நீண்ட பக்கங்கள் நான்கு. அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும், ஒரு பக்கம் வெறுமையும் இருக்கும். இரண்டு கட்டைகளையும் உருட்டி மேல்பக்கப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையானால் 12. கூட்டுத்தொகை 1 வந்தால் தாயம். அது விழுந்த பிறகே காய் கட்டத்தில் இறங்கும். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும் என்பதால், மாணவர்கள் எந்த விதியில் ஆடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

20 ஜோடிக் கட்டைகள் எந்தப் பள்ளியிலும் இருக்கப்போவதில்லை. கட்டை கிடைக்காத இணைகள், 0, 1, 2, 3 என்று எழுதி ஒரே மாதிரி மடித்த நான்கு சீட்டுகளை ஒரு தீப்பெட்டியிலும், அதே போன்ற நான்கு சீட்டுகளை இன்னொரு தீப்பெட்டியிலும் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போடலாம். உண்மையான கட்டை என்றால், அது தேய்ந்து ஒருபக்கமாகச் சாயவில்லை என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்: ஒற்றைக் கட்டையை 100 முறை உருட்டினால் ஒவ்வொரு பக்கமும் 25ஐச் சுற்றி, பெரும்பாலும் 16க்கும் 34க்கும் இடையில் விழ வேண்டும். அந்த எல்லையைத் தெளிவாகத் தாண்டும் பழைய கட்டை கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். புளியங்கொட்டைக்கு அடுத்த பாடப்பொருள் அதுதான்.

வழக்கம் போல ஊகம் முதலில். எந்த எண் அதிகம் விழும், தாயம் எத்தனையில் ஒன்று விழும் என்று எழுதச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் இணையும் 32 முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே பதியட்டும். வகுப்பு மொத்தம் 640. பின்னர் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, ஒரு கட்டையின் எண்களை மேலேயும் மற்றதன் எண்களை இடப்பக்கத்திலும் எழுதி, 16 கட்டங்களிலும் கூட்டுத்தொகையை நிரப்பினால், மூன்று என்ற எண் நான்கு கட்டங்களிலும், இரண்டும் நான்கும் தலா மூன்று கட்டங்களிலும், தாயமும் ஐந்தும் தலா இரண்டு கட்டங்களிலும், ஆறும் பன்னிரண்டும் தலா ஒரு கட்டத்திலும் நிற்பது தெரியும். இதன்படி 640 உருட்டல்களில் எதிர்பார்க்கத்தக்கவை மூன்றுக்கு 160, இரண்டுக்கும் நான்குக்கும் தலா 120, தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா 80, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா 40. வகுப்பின் உண்மை எண்ணிக்கைகளை இவற்றின் அருகே எழுதி, விலகல்களைப் பற்றிப் பேச நேரம் கொடுங்கள்.

தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. இந்த இடத்தில் பல மாணவர்கள், அப்படியானால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் விழும் என்று முடிவுகட்டுவார்கள். தாயம் விழாமல் போவதற்கான நிகழ்தகவு 7/8. எட்டு முறையும் அது விழாமல் போவதற்கு 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! பெருக்கல் விதியை இன்னும் கற்காத வகுப்பாக இருந்தாலும், பதிவுத்தாளே இதைக் காட்டும். ஒவ்வோர் இணையின் 32 உருட்டல்களையும் எட்டு எட்டாக நான்கு பகுதிகளாக வெட்டினால், வகுப்பு முழுவதற்கும் 80 பகுதிகள் கிடைக்கும். அவற்றில் ஏறக்குறைய 27 பகுதிகளில் தாயமே இருக்காது. எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, தன் காய் மட்டும் மனையில் இறங்காமல் உட்கார்ந்திருந்த வருத்தம் சதியோ கைராசியின்மையோ அல்ல என்பதை அந்த 27 பகுதிகள் விளக்கிவிடும்.

மறு ஆட்டம் கிடைக்கும் எண்களாக 1, 5, 6, 12 ஆகியவற்றைக் கொண்டால், அதன் நிகழ்தகவு 6/16. ஒன்றையொன்று விலக்கும், அதாவது ஒரே உருட்டலில் சேர்ந்து நிகழ முடியாத, நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டுவதற்கு இதுவே எடுத்துக்காட்டு. வேறு தேட வேண்டியதில்லை.

பைக்குள் இருப்பது என்ன

இதுவரை பொருள் கண்முன் இருந்தது. அடுத்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு துணிப்பை கொடுங்கள். அதில் ஒரே அளவுள்ள சட்டைப் பொத்தான்கள் பத்து, அவற்றில் 6 சிவப்பு, 3 வெள்ளை, 1 நீலம். பத்து இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லுங்கள். நிறங்களையும், எல்லாப் பைகளும் ஒன்றே என்பதையும் சொல்ல வேண்டாம். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டு, குலுக்கி மறுபடி எடுக்க வேண்டும். திரும்பப் போட மறப்பதும், குலுக்காமல் மேலே இருப்பதையே எடுப்பதும்தான் இந்தச் சோதனையைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்கள். எழுதும் மாணவருக்கு இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பையும் கொடுங்கள்.

10 எடுப்புகள் முடிந்ததும் பையில் என்ன இருக்கிறது என்ற முதல் மதிப்பீட்டை எழுதச் சொல்லுங்கள். 20, 50, 100 எடுப்புகளுக்குப் பிறகு மீண்டும் எழுதலாம். ஒரு நீலப் பொத்தான் 10 எடுப்புகளிலும் வராமல் போவதற்கான நிகழ்தகவு சுமார் 0.35. ஆகவே முதல் மதிப்பீட்டில் ஏறக்குறைய ஏழு இணைகள் பையில் நீலமே இல்லை என்று எழுதியிருக்கக்கூடும். 20 எடுப்புகளுக்குப் பின் அப்படிச் சொல்வோர் இரண்டு மூன்று இணைகளாகக் குறைவார்கள். 10 எடுப்பில் உறுதியாகப் பேசிய இணை 20 எடுப்பில் தன் விடையை மாற்றும் தருணத்தை நழுவவிடாமல், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். மாதிரியின் அளவு ஏன் முக்கியம் என்பதை அவர்களே சொல்வார்கள்.

பையைக் கடைசிவரை திறந்து காட்டக் கூடாது, அறிவியலில் யாரும் பையைத் திறந்து காட்டுவதில்லை என்று வாதிடும் ஆசிரியர்கள் உண்டு. வாதம் சரியானதே என்றாலும், பதின்மூன்று வயதுக் குழந்தையிடம் அது வெறும் ஏமாற்றமாகவே முடியும். 100 எடுப்புகளுக்குப் பின் திறந்து காட்டிவிடுங்கள்.

சோதனை போதாத இடம்

கைச்சோதனையை விரும்பும் ஆசிரியர் அதன் எல்லையையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 அதிகம் வருமா, 10 அதிகம் வருமா? 9ஐ 1+2+6, 1+3+5, 1+4+4, 2+2+5, 2+3+4, 3+3+3 என ஆறு வகைகளில் எழுதலாம். 10ஐயும் ஆறு வகைகளில் எழுதலாம். ஆயினும் சூதாடிகள் 10 சற்று அதிகம் விழுவதாக உணர்ந்திருந்தார்கள். கலிலியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு விளக்கம் எழுதினார். மூன்று பகடைகளையும் தனித்தனியே கணக்கில் கொண்டால் 216 கூறுபுள்ளிகள். அவற்றில் 9 வருபவை 25, 10 வருபவை 27. மூன்றும் வேறான 1+2+6ஐ ஆறு விதமாக அடுக்கலாம், 1+4+4ஐ மூன்று விதமாக, 3+3+3ஐ ஒரே விதமாக மட்டுமே அடுக்க முடியும் என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. இரண்டு நாணயங்களில் கண்ட அதே செய்தி இங்கே இன்னும் நுட்பமாக வருகிறது.

வகுப்பு 500 முறை உருட்டினாலும் இந்த வேறுபாடு தென்படும் என்று உறுதி கூற முடியாது. 9 முந்திக்கொள்வதற்கும் தாராளமாக இடமுண்டு. ஓரளவு நம்பிக்கையோடு 10 தான் அதிகம் என்று சொல்ல, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருட்டல்கள் தேவை. மாணவர்களை 500 முறை உருட்டவைத்து, கிடைத்த எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அதை அப்படியே பலகையில் எழுதி, அதன் பின்னரே 25, 27 என்ற கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எண்ணிப் பார்ப்பதால் புளியங்கொட்டையைப் பற்றி அறிந்தோம், ஏனெனில் அங்கே கணக்கிட வழியில்லை. இங்கே கணக்கு சில நிமிடங்களில் சொல்வதை எண்ணிப் பார்த்துச் சொல்லப் பல நாட்கள் ஆகும். இரண்டு வழிகளில் எது எங்கே பொருந்தும் என்று தீர்மானிக்கும் பழக்கம் இப்படிப்பட்ட ஒப்பீட்டில்தான் உருவாகும்.

மதிப்பிடுதல்

தேர்வில் சூத்திரத்தைக் கேட்டால் சூத்திரமே விடையாக வரும். அதற்குப் பதிலாக, ஒரு நண்பர் தன் கொட்டையை 20 முறை கவிழ்த்து 14 வெள்ளை பெற்றுவிட்டு, நிகழ்தகவு 0.7 என்று உறுதியாகச் சொல்கிறார். அவரிடம் என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொல்லலாம். நாணயத்தில் ஐந்து தலைகள் தொடர்ந்து விழுந்த பின் அடுத்ததற்குப் பந்தயம் கட்டும் ஒருவருக்கு, வகுப்பின் பதிவுகளைச் சான்றாகக் காட்டிக் கடிதம் எழுதச் சொல்லலாம்.

தாயத்தின் 640 உருட்டல்கள் அடங்கிய பதிவுத்தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். தாயமோ ஐந்தோ எது விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று விதியை மாற்றினால், எட்டு முறை உருட்டியும் காய் இறங்காமல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? கணக்குப்படி அது 3/4ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது, ஏறத்தாழ 0.10, 80 பகுதிகளில் எட்டு. புதிதாக ஒரு முறைகூட உருட்டாமல், பழைய தாள்களிலேயே தாயமும் ஐந்தும் இல்லாத பகுதிகளை எண்ணி, தம் விடையை மாணவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.